உறையும் பொருளும்

ஊரிலிருந்து வரும் மூட்டையை அவிழ்க்கும் நாள் எங்கள் இல்லத்தில் ஒரு திருநாள். கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் இருக்கும். அப்பளக் கட்டு செய்தித்தாளில் சுற்றப்பட்டு நூலால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். பண்டம் தீர்ந்த பின்னரும் அவற்றின் உறைகள் தீர்வதில்லை. கொட்டான் அன்னையின் தையற்பெட்டியாகும். நூல் உருண்டையில் சேரும். தாள் அலமாரியில் விரிப்பாகும். உறை என்பது எறிவதற்குரியது என்னும் எண்ணமே அந்நாளில் எங்களுக்கு இல்லை.

உறையின் கடமைகள்தாம் யாவை? பொருளைக் காப்பது ஒன்று. சுமந்து செல்ல உதவுவது மற்றொன்று. மூன்றாவது ஒன்றும் உண்டு; அதுவே நம்பிக்கை அளிப்பது. சொந்த ஊரில் கடைக்காரரின் முகத்தை நம்பி வாங்கினோம். போபோடியில் முகங்களும் புதியவை, மொழியும் புதியது. மராத்தி எழுத்தறியாத எங்கள் அன்னைக்கு, டால்டாவின் மஞ்சள் நிறத் தகரத்தின்மேல் தீட்டப்பட்டிருந்த பனைமரமே வழிகாட்டி. அதைச் சுட்டிக்காட்டினால் போதும், கேட்ட பொருள் கைக்கு வரும். காலியான தகரத்தில் துளசி வளர்ந்தது.

பின்னர் ஒரு புதுமை வந்தது. அதுவும் நம் தமிழகத்திலிருந்தே வந்தது. விலையுயர்ந்த பொருளைச் சிறு உறைகளில் அடைத்தால் ஏழையும் வாங்கலாமே என்று சிந்தித்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன் அவர்கள். அவருடைய மைந்தர் சி. கே. ரங்கநாதன் அவர்கள் 1983ஆம் ஆண்டு பதினைந்தாயிரம் ரூபாய் முதலீட்டில் தனித்தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைச் சிறு பாக்கெட்டுகளில் ஊர்தோறும் கொண்டு சென்றார். ஷாம்பு நிறைந்த குப்பி எங்கள் வீட்டிற்கு எட்டாக் கனியாக இருந்த காலம் அது. பள்ளி ஆண்டு விழாவிற்கு முதல் நாள், ஒரே ஒரு பாக்கெட்டை எங்கள் தமக்கையர் இருவரும் பங்கிட்டுத் தலை முழுகினர். மறுநாள் அவர்கள் நிமிர்ந்து நடந்த நடை இன்றும் எங்கள் கண்முன் நிற்கிறது. ஆதலால் அச்சிற்றுறையை இகழ எங்களுக்கு நா எழவில்லை.

ஆயினும் அண்மையில் ஒரு காலை எங்களைத் தலைகுனிய வைத்தது. குப்பை சேகரிக்க வரும் அம்மையார் எங்கள் வாளியைப் பிரித்தார். அட்டை, குப்பி, பால் பாக்கெட் ஆகியவை அவருடைய சாக்கினுள் சென்றன. மின்னும் சிற்றுறைகளை மட்டும் அவர் ஒதுக்கி வைத்தார். “இவற்றை எவரும் காசு கொடுத்து வாங்குவதில்லை” என்றார். காரணம் எளியது. பால் பாக்கெட் ஒரே வகைப் பிளாஸ்டிக். உருக்கினால் மீண்டும் பயன்படும். சிற்றுறையோ வெவ்வேறு படலங்களை ஒட்டிச் செய்தது. அவற்றைப் பிரிப்பது அரிது. உள்ளிருக்கும் பண்டத்தை ஈரமும் காற்றும் தீண்டாமல் காக்கும் அந்த ஒட்டே, பண்டம் தீர்ந்தபின் பகையாகிறது. எறியப்பட்டவை ஹாரிஸ் பாலத்தின் கீழ் ஓடும் முளா ஆற்றின் கரையில் கிடக்கின்றன.

2018இல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது; ஆனால் ஆலையிலேயே பொதிந்து வரும் உறைகளுக்கு நிபந்தனைகளோடு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளோ, உறையைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் சுமத்துகின்றன. இது நியாயமே, அந்த அம்மையாரின் முதுகு மட்டும் இப்பாரத்தைச் சுமத்தல் தகுமோ?

இதற்கு வழியே இல்லையென்று சொல்வதற்கில்லை. அதே ‘சிக்’ நிறுவனம் தன் விற்பனையைப் பெருக்க ஒரு காலத்தில் ஒரு திட்டம் வகுத்தது. வெற்றுறைகள் ஐந்தைக் கொண்டு வந்தால் புதிய பாக்கெட் ஒன்று இலவசம்! அது வாணிகத் தந்திரமே. எனினும் வெற்றுறைக்கு ஒரு விலை உண்டானால் அதை எவரும் தெருவில் எறியார் என்னும் உண்மை அதில் அடங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் இப்பொழுது குப்பி வாங்கும் வசதி உண்டு. ஆதலின் சிற்றுறையை நிறுத்திவிட்டோம். பருப்பும் மிளகாயும் வாங்கத் துணிப்பை செல்கிறது. வசதியற்ற இல்லங்கள் சிற்றுறையை வாங்கட்டும். அவர்களை நாம் குறை கூறலாகாது. வசதி பெற்றவர்கள் முதலில் மாறுவோம். ஊரிலிருந்து கொட்டான் இனி வருவதில்லை. அன்னையின் தையற்பெட்டியாகிய அந்தப் பழைய கொட்டான் மட்டும், ஓரம் சிதைந்தும், இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.