தொண்ணூறுக்குப் பிறகு வரும் இருபத்தொன்று

தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்திலும் சுற்று வட்டாரத்திலும் டிரையத்லானுக்குப் பழகும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, கோர்ஸ் எப்படி இருக்கும்?” என்பதுதான். அரை அயர்ன்மேன் என்று நாம் சொல்லும் நடுத்தூரப் போட்டியில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ. மைலில் சொன்னால் 70.3, போட்டியின் பெயரே அதுதான். நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 8 மணி 30 நிமிடம் என்பது வழக்கமான கட் ஆஃப். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், கொழும்பில் 2018இல் இந்தப் போட்டி நடந்தது. கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019 அக்டோபர் 20 அன்று இந்தியாவில் முதன்முறையாக நடந்தது.

தூரமும் பாதையும் வரைபடத்திலேயே கிடைத்துவிடும். வரைபடத்தில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. கோவாவின் அந்த முதல் போட்டியில் வென்ற மணிப்பூர்க்காரர் பிஷ்வர்ஜித் சைகோம் 4 மணி 42 நிமிடத்தில் முடித்தார். காலை 7 மணிக்குக் கடலில் இறங்கியதாக வைத்துக்கொண்டால், அவ்வளவு வேகமுள்ளவர் உச்சிப் பொழுதுக்கு முன்பே முடித்து நிழலுக்குப் போய்விடுவார். ஏழு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய நம்மைப் போன்றவர்கள் நீந்தி, உடை மாற்றி, சைக்கிளை விட்டு இறங்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். அவர் ஓடி முடிக்கிற நேரத்தில்தான் நாம் ஓடவே தொடங்குகிறோம். தூரமும் சாலையும் ஒன்றுதான். வெயிலும் காற்றும் வேறு. ஆகவே கோர்ஸைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், கடிகாரத்தில் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

கடலிலிருந்து தொடங்குவோம். நீச்சல் குளத்தின் தரையில் கறுப்புக் கோடு இருக்கும். கடலில் அது கிடையாது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி நிமிர்ந்து, திசை பார்த்துவிட்டு, அந்த அசைவிலேயே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். சின்ன அலை எழும்பினாலே ஆரஞ்சு மிதவை கண்ணுக்கு மறைந்துபோகும். அதனால் மிதவைக்குப் பின்னால் கரையில் உயரமாக நிற்கும் ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக் கடலில் எனக்கு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அப்படி உதவுகின்றன.

கூட வரும் படகுக்கார அண்ணாச்சி நான் இறங்குவதற்கு முன்பே தண்ணீரைப் பார்த்துவிடுவார். “தம்பி, நீவாடு இன்னைக்கு வடக்க இழுக்கு. கொஞ்சம் தெக்க வச்சே போங்க” என்பார். நீவாடு என்றால் நீரோட்டம். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு அரை கிலோமீட்டர் என்ற மெதுவான நீரோட்டம்கூட, குறுக்கே நீந்துகிறவரைப் பத்து நிமிடத்தில் 80 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். போட்டிக்கு முந்தைய நாள், அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம்.

நம் கடல் வெதுவெதுப்பானது, வெட்சூட்டுக்கு வேலையில்லை. அது தரும் மிதப்பும் கிடைக்காது. கால் தாழாமல் உடலை நீட்டி வைக்கப் பழகியே ஆக வேண்டும். முதல் 200 மீட்டரில் மூச்சு இரைக்கும், பக்கத்தில் வருபவரின் கை முகத்தில் படும். எல்லோருக்கும் அப்படித்தான். மூச்சை நீருக்குள் முழுதாக விட்டால் தானாகச் சீராகும். கரை நெருங்கும்போது காலைக் கொஞ்சம் வேகமாக உதையுங்கள். படுத்தே வந்த உடல் சட்டென எழுந்து நிற்கும்போது தலை சுற்றாமல் இருக்க அது உதவும்.

அடுத்தது சைக்கிள். அரை அயர்ன்மேனில் அதிக நேரம் பிடிப்பதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். முன்னால் போகிறவரின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றை ஏமாற்ற முடியாது. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. காற்றோடு நீங்கள் தனியாகத்தான் மோத வேண்டும். காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். எதிர்காற்றில் வேகமானியைப் பார்த்து ரோஷப்பட்டு மிதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் ஓட்டத்திலிருந்து எடுத்த கடன்.

இதைக் கற்றுக்கொள்ள ஆனி, ஆடி மாதங்களில் நம் சாலைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்றுதான் இங்கேயும் வீசுகிறது. சாயர்புரத்திலிருந்து கடலை நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். திருச்செந்தூர் சாலையில் தெற்கே போனால் வலப்பக்கமாக வந்து மோதும். அங்கே லாரி ஒன்று வலப்பக்கமாக முந்தும்போது ஒரு நொடி காற்று அறுந்துபோகும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த சைக்கிள் லாரி பக்கமே இழுபடும். லாரி விலகியதும் பழைய காற்று இரண்டு மடங்காக வந்து சாலையோர மணலுக்குத் தள்ளும். கைப்பிடியை இறுக்காமல், முழங்கையைத் தளர்த்தி, தொடையைச் சீட்டோடு அணைத்துக்கொண்டால் சைக்கிள் தன் வழியில் நிற்கும். விடிகாலையில் அடங்கியிருக்கும் காற்று பொழுது ஏற ஏற வலுக்கும். கடைசி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் வையுங்கள்.

சாப்பிட வேண்டியதும் சைக்கிளில்தான். ஓடும்போது வயிறு குலுங்கும், எதையும் ஏற்காது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்திருந்தால் அதிகம் தாங்கும். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ். அது உடைந்தால் இந்த இரண்டும்தான். வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீரில் உப்புப் போட்டு நான் பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியில் வயிற்றுக்குப் பழக்காத எதையும் போட்டியன்று தொடாதீர்கள்.

இனி இருபத்தொன்று. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். வேகமும் சரியாகத் தெரியாது; மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டு வேகமாக ஓடிவிடுவோம். முதல் மூன்று கிலோமீட்டரைக் கடிகாரத்தைப் பார்த்தே அடக்குங்கள். கோவாவில் ஒரே சாலையில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். முதல் சுற்றில் நம்மை முந்திப் போனவர்கள் கடைசிச் சுற்றில் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

கடலோர வெயிலில் சூட்டைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. வியர்வை ஆவியாகாமல் வழிந்து போனால் உடல் குளிராது. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதற்கேற்பத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நம் உப்பளத் தொழிலாளர்கள் விடியுமுன்னே வேலைக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடுவார்கள். போட்டியில் நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, வெயிலில் ஓடி உடலைப் பழக்க வேண்டும். தேரி மணலில் அப்படி ஓடினால் காலும் சேர்ந்து உறுதிப்படும். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். வெயிலில் உடல் சிலிர்த்தாலோ பேச்சு குழறினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆகவே போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு தாளில் உங்கள் நாளை மணிவாரியாக எழுதுங்கள்: எட்டு மணிக்கு எங்கே இருப்பேன், பத்து மணிக்குக் காற்று எந்தப் பக்கம், பன்னிரண்டு மணிக்கு எத்தனையாவது கிலோமீட்டர், அங்கே நிழல் உண்டா, தண்ணீர் உண்டா. பிறகு அந்தந்த மணியில் அந்தந்த வேலையைப் பழகுங்கள். நீச்சலும் காற்றும் வெயிலும் நம் ஊரிலேயே இருக்கின்றன. சாயர்புரத்தில் பழகியவருக்கு மிராமரின் நண்பகல் புதிதாக இருக்காது.