எங்கிருந்து திரும்பி வருகிறது?

கேட்காமலே விளம்பரம் எட்டிப்பார்க்கிற கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்தால், எங்கள் தொழிலில் பலரும் முதலில் சொல்வது, "ஃபார்மட் போட்டுடலாம்." நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். ஃபார்மட் போட்டால் விளம்பரம் போகும், உண்மைதான். கூடவே பில்லிங் மென்பொருள், பழைய தமிழ் எழுத்துருக்கள், டெஸ்க்டாப்பில் கிடந்த பிள்ளையின் ப்ராஜெக்ட் எல்லாம் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த விளம்பரம் எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போவது. வழி தெரியாவிட்டால், அதே ஆள் அதே வழியில் அதை மறுபடியும் உள்ளே விடுவார்.

இப்படி விளம்பரம் காட்டும் மென்பொருளை, அதாவது ஆட்வேரை, அழிப்பது பெரிய வேலை இல்லை. அழித்த பிறகு திரும்பி வர அது செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதனால் என் முதல் கேள்வி, "எப்பத்திலருந்து இப்படி வருது?" என்பது. ஆயுத பூஜைக்கு அப்புறம், பையன் ஊருக்கு வந்துட்டுப் போன பிறகு என்று ஏதாவது ஒரு பதில் கிடைக்கும். உடனே கன்ட்ரோல் பேனலில் உள்ள மென்பொருள் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே தேதியில் நாலைந்து பெயர்கள் கொத்தாக நிற்கும். அதில் ஒன்றுதான் அவர் விரும்பி இறக்கியது. பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவதோ, வீடியோ டவுன்லோடரோ ஏதோ ஒன்று. மற்றவை அதன் கூடவே ஏறி வந்தவை. 'ரெகமண்டட்' என்பதை விட்டுக் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கூட்டாளிகளின் பெயரும், முன்கூட்டியே டிக் போட்ட பெட்டிகளும் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அவசரத்தில் இருப்பவர் 'நெக்ஸ்ட்'டைத்தான் அழுத்துவார். இதற்காக யாரையும் நான் கடிந்துகொள்வதில்லை. ஜாவாவின் இன்ஸ்டாலரே பல வருடங்கள் ஆஸ்க் டூல்பாரைச் சேர்த்துக் கொடுத்தது. 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் விண்டோஸ் இன்ஸ்டாலரில் பிறருடைய மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்ததென்று கிம்ப் குழுவினரே பகிரங்கமாகப் புகார் சொன்னார்கள். நம்பிக்கையான இடத்திலிருந்து இறக்கியவரும் ஏமாந்த காலம் அது.

எங்கள் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிற ஒரு அக்கா இருக்கிறார். அவர் திரையின் வலது மூலையில், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. சில நேரம் வெளியே சொல்லக் கூசும் படங்களும் வந்தன. சாதிச் சான்றிதழுக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்க்கிற திரை அது.

"தம்பி, நான் அந்த மாதிரி சைட்டுக்கெல்லாம் போறதே இல்ல" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. இந்த வேலையில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன், குறிப்பாகப் பெண்களிடமிருந்து. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "தெரியும்க்கா. நீங்க எங்கயும் போகல. அதுதான் தேடி வந்திருக்கு" என்றேன்.

மூலையில் வந்தது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு பக்கம், 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும். ஒருமுறை அழுத்திவிட்டால், அந்தப் பக்கத்தை மூடினாலும் பிரவுசர் வழியாக அது செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் எந்தப் புரோகிராமும் இறங்குவதில்லை. அதனால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும். இப்போது என்னிடம் வருபவற்றில் இந்த வகைதான் அதிகம். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்கினால் தீர்ந்தது.

அக்காவின் கம்ப்யூட்டரில் அதோடு தீரவில்லை. குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் வேறொரு தேடல் பக்கம் வந்தது. முதலில் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தேன். குரோமின் பெயருக்குப் பின்னால் ஒரு தளத்தின் முகவரியை ஒட்டி வைப்பது பழைய வித்தை. அங்கே எதுவும் இல்லை. ப்ராக்ஸி செட்டிங், ஹோஸ்ட்ஸ் ஃபைல் இரண்டும் சுத்தம். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஒன்று மட்டும் நீக்க முடியாதபடி உட்கார்ந்திருந்தது, 'ரிமூவ்' பட்டனே இல்லை. மெனுவின் அடியில், இந்த பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்றொரு வரி. ஒரு மேசையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உள்ள கடையில் கம்ப்யூட்டரை நிர்வகிக்க யார் இருக்கிறார்கள்? (சில ஆன்டிவைரஸ்கள் இருந்தாலும் இந்த வரி வரும். பார்த்தவுடன் முடிவு கட்டக் கூடாது.) பெரிய அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் குரோமில் எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக ஏற்றுவதற்கென்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு பாலிசிப் பகுதி உண்டு. அதில் ஆட்வேர் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்தது.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். திரும்ப வருகிறதென்றால் திரும்ப எழுதும் கை ஒன்று இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரில், ஒவ்வொரு லாகினிலும் ஓடும்படி, அப்டேட் என்ற சாதுவான பெயரில் ஒரு பணி இருந்தது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அந்தப் பணி, பிறகு அது இயக்கும் புரோகிராம், பிறகு பாலிசி, எக்ஸ்டென்ஷன் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் 'எவ்வளவு எடுத்தாலும் போக மாட்டேங்குது' என்று சலித்து ஃபார்மட்டுக்குப் போகிறார்கள்.

ஆட்வேரைத் தேடி நீக்க ஆட்வ்க்ளீனர் போன்ற நல்ல கருவிகள் உண்டு, நானும் ஓட்டுகிறேன். கையால் தேடி முடித்த பிறகு, என் கண்ணுக்குத் தப்பியதைக் காட்டத்தான். அதையும் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும், அதன் பெயரிலேயே போலிகள் உலவியிருக்கின்றன.

அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாம் போய்விட்டது என்று நம்பாமலிருக்க எனக்குப் பாடமாக இருப்பது சூப்பர்ஃபிஷ் விவகாரம். 2014இன் பிற்பகுதியில் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் அந்த விளம்பர மென்பொருளை ஏற்றியே விற்றது. https தளங்களிலும் விளம்பரம் புகுத்துவதற்காக அது விண்டோஸில் தன் சொந்த ரூட் சான்றிதழை நிறுவியது. அந்தச் சான்றிதழுக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்தது. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அந்தச் சாவியைக் காத்த பாஸ்வேர்டு 'கொமோடியா' என்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரே அது. அந்தச் சாவி கையிலிருந்தால், பொது வைஃபையில் உட்கார்ந்து ஒரு போலி வங்கித் தளத்தை அந்த லேப்டாப்களுக்கு உண்மையானதென்று காட்டியிருக்கலாம். மென்பொருளை நீக்கிய பின்னும் சான்றிதழ் அப்படியே தங்கியது, அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. வெறும் விளம்பரம்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னபோது அக்காவும் அதைத்தான் கேட்டார். "விளம்பரம்தான் போயிருச்சே தம்பி, பாஸ்வேர்டு எதுக்கு மாத்தணும்?" எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதி இருந்ததைக் காட்டினேன். அந்தக் கீபோர்டில்தான் ஊர்க்காரர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் தட்டப்படுகின்றன. விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஸ்விட்சை ஆன் செய்தேன். அன்றாட வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் திறக்கும் என்றேன். அதே கூகுள் கணக்கில் மகனின் லேப்டாப்பும் வீட்டில் ஓடுகிறது. அங்கே அந்த எக்ஸ்டென்ஷன் இருந்தால் சின்க் வழியாகக் கடைக்குத் திரும்பி வந்துவிடும். அதையும் கொண்டுவந்து காட்டும்வரை குரோமில் சின்க்கை ஆன் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.