ஊட்டுவதும் மறுப்பதும்

பயிரைப் பட்டினி போடுவது பாவம் என்பது காவிரிப் படுகையில் தலைமுறை தலைமுறையாக ஊறிய எண்ணம். அதே படுகையின் தேர்ந்த உழவன் இன்னொன்றையும் அறிந்திருக்கிறான்: அளவு மீறி ஊட்டினாலும் பயிர் கெடும். யூரியாவை அள்ளித் தெளித்த வயல் கரும்பச்சையாய்க் கொழித்துக் கண்ணைப் பறிக்கும். பின்பு குலைநோய்க்கு இடம் கொடுத்து, கதிர் முற்றும் வேளையில் சாய்ந்துவிடும். எனவேதான் வேளாண் துறையினர் உழவர் கையில் இலை வண்ண அட்டையைக் கொடுத்தார்கள். நெல்லின் இலையை அட்டையின் பச்சை நிறங்களோடு ஒப்பிட்டு, இலை வெளுத்திருந்தால் உரம் இடலாம், இல்லையேல் பொறுத்திருக்கலாம். எப்போது கொடுப்பது, எப்போது கையை நிறுத்துவது என்பதை இலையே சொல்லிவிடுகிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது 1922இல். 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கென நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. ரசாயன உரம் மூட்டை மூட்டையாகச் சிற்றூர்களுக்குள் வந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உழவர் நாவில் பழகிய சொற்களாயின. எல்லாம் இட்டும் பயிர் குன்றி, இலையில் துருப்போன்ற புள்ளி விழுந்தபோது, குறை துத்தநாகத்தில் என்று ஆய்வாளர் கண்டார்கள். நீர் தேங்கி நிற்கும் வயலில், மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிட்டாமல் போவதுண்டு. இன்று எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடச் சொல்கிறார்கள். செழிப்பின் நடுவிலும் ஒரு பசி மறைந்திருக்கக்கூடும் என்ற உண்மையை நம் வயல் இவ்வாறு கற்பித்தது.

மனித உடலிலும் அத்தகைய பசி ஒன்று மறைந்திருந்தது. அதைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர், நம்முடையதைப் போன்றே நெல் விளையும் மற்றொரு கழிமுகத்தில் பிறந்தவர். கோதாவரிப் படுகையில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில், 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரே அவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் 'ஸ்ப்ரூ' எனும் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், வயிறு ஓய்வின்றிப் போய், இரத்தம் வற்றி மெலிந்து சாகும் நோய் அது. சோறு நிறைந்த நாட்டில், சோறு உண்டும் பட்டினியாய்ச் சாவது எத்தகைய கொடுமை! துறவறம் பூண எண்ணியிருந்த அவ்விளைஞர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கதர் உடுத்தியதனால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதில் தாழ்ந்த பட்டமே பெற்றார் என்பர். பின்னர் கடல் கடந்து பாஸ்டன் நகரம் சேர்ந்து, மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்.

அங்கே அவர் முதலில் கைக்கொண்டது பாஸ்பரஸ். நம் உழவர் மணிச்சத்து என்று வழங்குவதன் உயிர்ப்பொருள். இரத்தத்தில் அது எவ்வளவு உள்ளது என்று அளந்தறியும் முறையை அவரும் சைரஸ் ஃபிஸ்கே என்பவரும் 1925இல் வெளியிட்டனர். உயிரணு தன் வேலைக்கான ஆற்றலைச் சேமித்துச் செலவிடும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929இல் அவர்கள் கண்டறிந்தனர்; அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டறிந்தார். உழும் மாட்டின் தசையிலும், வெயிலை உண்ணும் நெல்லின் இலையிலும், இதை எழுதும் என் விரலிலும் செலவாகும் நாணயம் அது ஒன்றே.

இதற்கிடையே 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடும் இரத்தச்சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். பம்பாயிலும் நம் குன்னூரிலும் அவர் தம் ஆய்வை நடத்தினார். விலை மலிந்த ஈஸ்ட் சாறு அச்சோகையை நீக்குவதை 1931இல் எழுதி வெளியிட்டார். அதனுள் இருந்த பொருள் யாதென்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் நான்கு டன் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அந்தச் சத்தைச் செடி தானே ஆக்கிக்கொள்ளும். மனிதனால் ஆக்கிக்கொள்ள இயலாது. முருங்கையிடமும் அகத்தியிடமும் பயறுகளிடமும் நாம் கையேந்தித்தான் ஆகவேண்டும்.

1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்த சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். உடன்பிறந்தாரைப் பறித்த ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தாயிற்று. கதை இங்கே முடிந்திருந்தால் நெகிழ்ச்சியான ஒரு கதையாக மட்டும் இருந்திருக்கும்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் வகையொன்றைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்து பெருகுவதாகத் தோன்றியது. புதிய உயிரணு பிறக்க அச்சத்து வேண்டும். புற்றணுவோ ஓயாமல் பெருகுவது. பயிருக்கு என்று இட்ட உரத்தைக் களை தின்று கொழுத்தது. அப்படியானால் அச்சத்தை மறுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமுடைய போலிப் பொருள்களை ஆக்கித் தந்தனர். பூட்டினுள் நுழைந்து, திறக்கவும் செய்யாமல், உண்மைச் சாவிக்கு வழியும் விடாமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவி போன்றவை அவை. அவற்றுள் அமினோப்டெரின் என்பதை ஃபார்பர் 1947 இறுதியில் கொடுக்கத் தொடங்கினார். மிகவும் நோயுற்றிருந்த 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததென 1948 ஜூனில் அறிவித்தார்.

தணிந்தது; தீரவில்லை. சில திங்களில் நோய் திரும்பியது. விளையாடத் தொடங்கிய பிள்ளையை மீண்டும் படுக்கையில் கண்ட தாய்மாரை நினைக்கும்போது, இவ்வெற்றியை வெற்றி என்று எழுத என் பேனா தயங்குகிறது. ஆயினும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாதிருந்த நோய் அசைந்தது என்பதை அக்குழந்தைகளே உலகுக்குக் காட்டினார்கள். அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்தார், வயது 53. அவர் குழு ஆக்கிய மற்றொரு போலிப் பொருளான மெத்தோட்ரெக்சேட், 1956இல் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை முற்றிலும் நீக்கக் கண்டனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணும் வகையில், மருந்துகள் பலவற்றைக் கூட்டிக் கொடுப்பதால், வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அம்மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று.

இவ்வளவும் எங்கோ நடந்தவை என்று கருத வேண்டாம். நான் பணியாற்றிய வெண்ணாற்றங்கரைப் பங்கு ஒன்றில், நடவு வேலை செய்தே முதுமையடைந்த அம்மா ஒருவர் இருந்தார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் வீங்கிக் கோணியிருந்தன. அதற்கும் இன்று மெத்தோட்ரெக்சேட்டையே சிறிய அளவில், வாரம் ஒரு நாள் மட்டும் கொடுக்கிறார்கள். வேறு நாளில் ஃபோலிக் அமிலம். முன்னதைத் தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே கேடு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அதற்கொரு வழி கண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்துட்டுப் போயி அந்த மாத்திரை, சாமி. அது நிறுத்துற மாத்திரை. செவ்வாக்கெழம இது, சோறு போடுற மாத்திரை" என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இருபது ஆண்டுகளில் கண்டதை அவர் இரண்டு சொல்லில் அடக்கிவிட்டார். நாற்றங்காலில் உரம் தெளித்துப் பழகிய கைக்கு அது புதிய பாடமாகத் தோன்றவில்லை போலும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது. கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட யானைக்கால் நோய்க்கு, 1947இல் வெளியான டை எத்தில் கார்பமசின் என்ற மருந்தும் சுப்பாராவ் வழிநடத்திய ஆய்வின் விளைவே. இவ்வளவு கடன்பட்டும் நம் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அதைக் குறித்து வருந்துவதிலும் மேலான கைம்மாறு ஒன்று உண்டு.

இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைக்கு மருத்துவம் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1954இல் நிறுவிய அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, புதுவை ஜிப்மருக்கோ நம் ஊர்களிலிருந்து மீண்டும் மீண்டும் போய்வர வேண்டியிருக்கிறது. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் வழிச்செலவு இலவசமன்று. தகப்பன் இழக்கும் நாள்கூலியும் இலவசமன்று. பிள்ளை தெளிந்து ஓடியாடத் தொடங்கியதும், குணமாகிவிட்டது என்று எண்ணிப் பாதியில் நிறுத்துவோரும் உளர். நிறுத்திய இடத்திலிருந்து நோய் மீண்டும் முளைக்கிறது. பாஸ்டன் குழந்தைகளின் காலத்தில் மருந்து போதவில்லை. நம் காலத்தில் மருந்து இருந்தும், நீர் தேங்கிய வயலில் துத்தநாகம்போல, எட்டவேண்டிய வேருக்கு எட்டாமல் நிற்கிறது.

அந்த எட்டாத தூரத்தைக் குறைக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய வீடு எது என்று அறிந்து, அடுத்த பயணத்தின் நாளைக் கேட்டு, பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் முன்கூட்டியே அவர்கள் கையில் சேர்த்தால் போதும். இலை வெளுத்த பிறகு உரம் இடுவதற்குக்கூட ஓர் எல்லை உண்டு என்பதை நம் உழவர்கள் அறிவார்கள்.