அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

போன மாசம் தங்கச்சி ஊரிலிருந்து ஃபோன் பண்ணினாள். "அண்ணா, அப்பா அம்மாவைப் பாக்கணும்னு சொல்றாரு. என் கல்யாண சிடியில அம்மா பேசுறது இருக்குல்ல, அதை மட்டும் எதுலயாவது போட்டுக் குடுக்க முடியுமா? அவரே கையில வச்சுப் பாக்கிற மாதிரி."

அம்மா போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் அப்பா இப்படிக் கேட்டதே இல்லை. சரி, ஒரு பிளேயர் வாங்கி அனுப்பினால் ஆச்சு என்று நினைத்தேன். அது அவ்வளவு சுலபம் இல்லை என்பது எனக்கு ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும் :-)

ஊர் என்றால் கோலார் தங்கவயல். 2018-ல் அந்தப் படம் வந்த பிறகு இங்கே மஸ்கட்டில் யாரிடம் சொன்னாலும் "ஓ, ராக்கி பாய் ஊரா?" என்கிறார்கள். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் கோட் போட்டுக்கொண்டு யாரும் நடந்ததில்லை. அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கிற மிஷின் பிடித்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். நான் பி.காம் முடித்து, மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த காலம். எங்கள் ஊரே அந்த ரயிலில்தான் இருக்கும். காதில் வாக்மேன், பையில் ரெண்டு கேசட்.

2007-ல் மஸ்கட்டிலிருந்து முதல் லீவுக்குப் போகும்போது அப்பாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று ஆசை. வீடியோ பார்க்கிற ஐபாட் அப்போது பெரிய விஷயம். 30 ஜிபி, ரெண்டரை அங்குலத் திரை, 7,500 பாட்டு கொள்ளும் என்று விளம்பரம். வாங்குவதற்கு முன்னால் ஃபோனில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏழாயிரத்தைநூறு பாட்டை யாருடா ஏத்துவாங்க?"

நியாயமான கேள்வி. ஐபாடில் பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும், அதில் ஐடியூன்ஸ் வேண்டும். எங்கள் வீட்டில் ரெண்டும் இல்லை. (அந்த ஐபாடையே 2022 மே மாதத்தோடு முடித்துவிட்டதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது, அது வேறு கதை.)

ஐபாட் வேண்டாம் என்று ரூவியில் ஒரு கடையில் சின்னதாக ஒரு 'எம்பி4 பிளேயர்' வாங்கினேன். பேர் வேண்டாம், பாவம். விலை ஐபாடில் கால்வாசிகூட இல்லை. வீடியோவை ஏ.எம்.வி. என்று ஏதோ ஒரு வகைக்கு மாற்றித்தான் போட வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். தபால் தலை சைஸில் அம்மா தெரிந்தாள். அப்போது அம்மாவே பக்கத்தில் இருந்தாள், "நான் இவ்ளோ குள்ளமாவா இருக்கேன்?" என்று சிரித்தாள். நான் திரும்பி வந்த பத்தாவது நாள் அப்பா எதையோ அழுத்தியதில் மெனு எல்லாம் சீன மொழிக்குப் போய்விட்டது. அடுத்த லீவு வரை பதினோரு மாசம் அது அலமாரியில் இருந்தது.

2018-ல் சரிகம கார்வான் வாங்கிக் கொடுத்தேன். பழைய ரேடியோ மாதிரி பெட்டி, உள்ளேயே 5,000 பழைய தமிழ்ப் பாட்டு. ஏற்றுகிற வேலையே கிடையாது. பெரிய குமிழைத் திருகினால் எம்.எஸ்.வி., இன்னும் திருகினால் வேறு ஆள். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப் போச்சு. இன்றைக்கும் காலையில் வராண்டாவில் அதுதான் பாடுகிறது.

அந்த லீவில்தான் ஒன்றைக் கவனித்தேன். பழைய பாட்டு என்றால் கூடவே முணுமுணுக்கிறார். புதுப் பாட்டு போட்டால் "இரைச்சல்" என்று நிறுத்திவிடுகிறார். வயசானவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று விட்டிருப்பேன். பெங்களூரில் காது டெஸ்ட் எடுத்தபோது டாக்டர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வருஷக்கணக்கில் மிஷின் சத்தம் கேட்டவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் காது முதலில் போகுமாம். ச, த, ப மாதிரி மெல்லிய ஒலிகள் அங்கேதான் கரைகின்றன. குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. தெரிந்த பாட்டு என்றால் விட்டுப்போன எழுத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். தெரியாத பாட்டில் எதை வைத்து நிரப்புவது? இரைச்சல்தான்.

இவ்வளவு வருஷம் "நான் சொல்றதைக் கவனிக்கவே மாட்டேங்கிறீங்க" என்று ஃபோனில் அவரிடம் கத்தியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டுவதால் வார்த்தை தெளியாது என்பது அப்போது தெரியாது.

(வீட்டில் இயர்ஃபோன் மாட்டிய பிள்ளைகள் இருந்தால் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபெல், வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75. என் பையனிடம் சொன்னேன், கேட்கவில்லை. மாட்டியிருந்தது இயர்ஃபோன்.)

சரி, இந்த முறை என்ன வாங்குவது? நான் வாங்கிய கார்வானில் திரை இல்லை. ஸ்மார்ட்ஃபோன், டேப்லெட் எல்லாம் தங்கச்சி ஏற்கனவே கொடுத்துப் பார்த்துவிட்டாள். அப்பா விரல் நுனி காய்த்துக் காய்ந்து கிடக்கிறது, தொடுதிரைக்கு அது விரலாகவே தெரிவதில்லை. நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கோபத்தில் கீழே வைத்துவிடுகிறார். டிவியில் பென்டிரைவ் போடலாம்தான். ஆனால் டிவி நடு வீட்டில், பேரப்பிள்ளைகள் கார்ட்டூன். அவர் கேட்டது தனியாகப் பார்க்க.

அதனால் அழுத்த நிஜமான பட்டன், உள்ளங்கையைவிடப் பெரிய திரை, பேட்டரி, இயர்ஃபோன் ஓட்டை, கம்ப்யூட்டர் இல்லாமலே ஓட வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது என்ன தெரியுமா? 7 அங்குலத் திரை வைத்த போர்ட்டபிள் டிவிடி பிளேயர்! ரூவியில் கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கிண்டலாக ஒரு பார்வை வேறு. விசிடியை அப்படியே வாங்கிக்கொள்கிறது, எதையும் மாற்ற வேண்டாம். ஆனாலும் 2003-ல் எழுதிய சிடியை நம்பாமல், அம்மா வரும் ரெண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி பென்டிரைவிலும் போட்டேன். பவர் பட்டனிலும் பிளே பட்டனிலும் தங்கமணியின் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்தேன். ஊருக்குப் போன நண்பர் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீடியோ காலில் காட்டினாள். வராண்டாவில் அப்பா, மடியில் பிளேயர், காதில் ஹெட்ஃபோன். மண்டபத்தில் சமையல் கட்டுப் பக்கம் அம்மா நிற்கிறாள், கேமராக்காரரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், பின்னால் மேளம். இதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு தடவைகூடப் பிடிபட்டதில்லை.

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"லைட்டை அந்தப் பக்கம் திருப்புங்க, கண்ணு கூசுதுங்கிறா."

ராத்திரி நான் இங்கே இயர்ஃபோன் போட்டு மூன்று தடவை கேட்டேன். மேளம்தான் கேட்கிறது. தங்கச்சியை அந்த பென்டிரைவை இன்னொரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.