வாப்பாவின் ஹொண்டாவும் மகனின் பெட்டியும்

ஓடக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செய்தது வேறு யாருமல்ல, என் மகன்தான். உம்மாக்காரி வாசலில் நின்று, "ஓடுற சாமானை ஏன்டா மகன் பெட்டியில ஏத்துறாய்? பெற்றோல் விலை கூடிப் போச்சா?" என்று கேட்டாள். தெருவில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவன் வைத்திருப்பது ட்ரெயில் பைக். தார் வீதியிலும் ஓடும், சேற்றிலும் மணலிலும் ஓடும். 1968இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டி.டி.1 என்று 250 சீ.சீ.யில் ஒன்றை விற்பனைக்கு விட்டதிலிருந்துதான் இந்த வகைக்கு உலகமெங்கும் மவுசு பிறந்தது. நம் நாட்டில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதன் பின்னர் பாவித்த பைக்குகளுக்கும் ஆனை விலை குதிரை விலை. கட்டாரில் நாலு வருடம் உழைத்த காசில் ஒரு பழைய பைக்கை வாங்கினான். மச்சானிடமிருந்து ஒரு பழைய ஜீப்பையும் வாங்கிக்கொண்டான். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வார இறுதியில் இப்படித்தான் குடும்பத்தோடு காட்டோரம் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம்.

"அந்த பைக்கின் சீட் பலகை மாதிரி வாப்பா. கல்முனைக்குப் போறதுக்குள்ள இடுப்புக் கழண்டிரும். ஜீப்பில பெண்சாதி பிள்ளையும் சட்டி பானையும் வரட்டும். ஜீப் போகாத இடத்துக்கு பைக்" என்றான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

ஆனால் முதற் பயணத்திலேயே பயந்து போனான். பைக்கைப் பெட்டியின் பின்பக்கமாகத் தள்ளிக் கட்டியிருக்கிறான். கொஞ்சம் வேகம் எடுத்ததும் பெட்டி நாய் வாலாட்டுவதுபோல இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியதாம். நல்ல வேளையாக பிரேக்கை உதைக்காமல் அக்ஸிலேற்றரை மெல்ல விட்டு நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் விசாரித்துப் படித்தான். பெட்டியும் சாமானும் சேர்ந்த மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ஜீப்பின் கொழுவியில் இறங்க வேண்டுமாம். அப்படியானால் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பைக்கைப் பக்க ஸ்டாண்டில் விட்டு நம்பக்கூடாது. ஹாண்டிலின் இருபுறமும் பெல்ட் போட்டு, முன் போர்க் பாதியளவு அமுங்கும்வரை இறுக்க வேண்டும்.

அவன் இதைச் சொன்னபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

2024 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு, அடுத்த பயணம் எங்கே என்று கேட்டேன்.

"கொக்கட்டிச்சோலை. என்னோட பைக் ஓடுற பொடியன் ஒருத்தன்ட வட்டை தாந்தாமலைப் பக்கம் இரிக்கி. அங்க தங்கலாமெண்டான்."

"ஆர்ர பிள்ளை?"

பொடியனின் பாட்டனாரின் பெயரைச் சொன்னான். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். மறுகா, "நானும் வாறன்" என்றேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாயும் தலையணையும் இல்லாமல் ஒரு இரவுகூட வெளியே தங்காத ஆள் நான்.

காத்தான்குடிக்கு மேற்கே வாவி. 56 கிலோமீற்றர் நீளமான அந்த நீருக்கு இந்தப் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, அந்தப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை. எங்கள் வாப்பா புடைவை வியாபாரி. எண்பதுகளில் ஒரு ஹொண்டா 90 வாங்கி, பின்னால் சாரனும் சீலையுமாக மூட்டை கட்டி, ஆரையம்பதி தாண்டி மண்முனைத் துறையால் கொக்கட்டிச்சோலைக்குப் போவார். பாலம் கிடையாது. எங்கள் ஊரில் 'பாதை' என்று சொல்லும் மிதவையில்தான் வண்டியை ஏற்ற வேண்டும். லீவு நாட்களில் என்னையும் கூட்டிப் போவார். மிதவையில் வண்டியை ஸ்டாண்டில் விடவே மாட்டார். பெற்றோல் டெப்பை மூடிவிட்டு, ஏறி உட்கார்ந்து, இரு காலையும் பலகையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்தபடியே கரை சேர்வார். மூட்டையை அவிழ்த்து முன்னால் என் மடியில் வைத்துவிடுவார். "பாரம் முன்னுக்கு இரிக்கணும் மகன்" என்பார். அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்லர்.

படுவான்கரையில் எல்லாம் கடன் வியாபாரம். அறுவடைக்கு நெல்லாகவோ காசாகவோ தருவார்கள். ஒரு போடியார் வீட்டில்தான் எங்களுக்குப் பகல் சாப்பாடு. கோழியைப் பிடித்து வாப்பாவின் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொல்வார்கள். எங்களுக்கென்று தனிச் சட்டி ஒன்று வைத்திருந்தார் போடியார் பெண்சாதி. அந்தக் கோழிக்கறியின் ருசியை இன்றைக்கும் என் மனைவிக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது வாப்பா அந்தக் கரையில் அகப்பட்டுக்கொண்டார். பாதை நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் போடியார் வீட்டு அறைக்குள் இருந்தார். மூன்றாம் இரவு போடியாரே சிறு தோணியில் அவரைப் படுக்க வைத்துச் சவள் போட்டுக் கொண்டுவந்து இக்கரையில் விட்டார். தோணியில் ஹொண்டாவுக்கு இடமில்லை. "வண்டி கிடக்கட்டும் காக்கா. நிலைமை சரியானதும் வந்து எடுங்க" என்றாராம்.

நிலைமை சரியாகவில்லை. அந்த ஆகஸ்ட் 3ஆம் திகதி எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவிலும் அயலிலும் அப்பாவிச் சனம் கொல்லப்பட்டது. இரு கரையிலும் மையித்துக்களும் பிணங்களும். அதற்குப் பிறகு யார் யாரைத் தேடிப் போவது? வாப்பா 1998இல் மௌத்தாகும்வரை, "வண்டி அங்கதான் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டியைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

2007இல் யுத்தம் அந்தப் பக்கத்தை விட்டுப் போனது. 2014 ஏப்ரலில் ஜப்பானின் உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தது. பாலம் திறந்த பிறகும் போகாமல் இருந்ததற்கு யுத்தத்தின் மேல் பழிபோட முடியாது. வெட்கம்தான் காரணம். வாப்பாவின் உயிரைக் கொண்டுவந்து தந்த வீட்டுக்கு ஒரு நன்றி சொல்லாமல் இத்தனை வருடம் கழித்துவிட்டு எந்த முகத்தோடு போவது?

மறுநாள் ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. மகன் கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பழைய துறை இருந்த இடத்தைத் தேடினேன்.

போடியார் இல்லை, 2001இல் காலமாகிவிட்டார். அவர் பெண்சாதிக்கு எண்பது இருக்கும். கண் மங்கல். பேரன் என்னைச் சொன்னதும், "புடைவைக் காக்காட மகனா? மடியில மூட்டையோட வருவானே, அந்தப் பொடியனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் இல்லை.

"வாப்பா கடைசிவரைக்கும் உங்களைத்தான் சொல்லுவார் அம்மா" என்றேன்.

"வண்டியைக் காப்பாத்த ஏலாமப் போச்சு தம்பி" என்றார் அவர். வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்தார்களாம். 91இல் ஊரே ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது வீடும் போரும் எரிந்து சாம்பல். வண்டியில் மிஞ்சியது இரும்புதான். உயிர் காத்த மனுஷி என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை.

பின்னேரம் வட்டைக்குப் போனோம். கிரவல் வீதி முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. அங்கிருந்து வாடிவரை வரம்புப் பாதை. மகன் பைக்கை இறக்கி, தண்ணீர்க் கானையும் கூடாரத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் போனான். கடைசி நடையில் என்னையும் ஏற்றினான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, நெல் மணக்கும் காற்றில் போனபோது எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

வாடிக்குப் பக்கத்து மருதமரக் கிளையில் கம்பியால் கட்டி ஒரு சைக்கிள் றிம் போன்ற வளையம் தொங்கியது. கருகிய இரும்பு. "இதென்ன?" என்றேன். "யானை வந்தா அடிக்கிறது அங்கிள். உங்கட வாப்பாட வண்டிர றிம்தான். அப்பப்பா கட்டினது" என்றான் பேரன். விளைந்த நெல்லுக்கு இரவில் யானை இறங்கும் பகுதி அது. யானை வெடி கிடைக்காத நாட்களில் இந்த றிம்மின் சத்தம்தான் காவல்.

கூடாரத்துக்குள் மருமகளும் பிள்ளையும் தூங்கினார்கள். நான் வாடியில் பேரனோடு விழித்திருந்தேன். இரவு இரண்டு மணியிருக்கும், மேற்கே கொப்பு முறியும் சத்தம். பேரன் எழுந்து போய் இரும்புக் கம்பியால் றிம்மை அடித்தான். வட்டை முழுக்க அந்தச் சத்தம் போனது. அடுத்த வட்டையில் ஒருவர் தகரத்தைத் தட்டிப் பதில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தாங்க தம்பி" என்று கம்பியை வாங்கி நானும் அடித்தேன்.

காலையில் திரும்பும் வழியில் போடியார் வீட்டில் இறங்கினோம். முற்றத்தில் ஒரு மூட்டை புது நெல் கட்டி வைத்திருந்தது. "காக்காட கொப்பியில எங்கட கணக்கு நிண்டது தம்பி. ரெண்டு சீலை, ஒரு சாரன்" என்றார் அந்த அம்மா. அந்தக் கொப்பி எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவர் சொன்னது சரி. வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கு அவரைக் கண்டா நான் என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். சட்டி இன்னும் இருக்கிறது என்றார்.

மகன் நெல் மூட்டையைத் தூக்கிப் பெட்டியின் பின்பக்கம் வைக்கப் போனான்.

"முன்னுக்கு வை மகன்" என்றேன்.