கடைசியாகத் திருத்தப்படுகிற மீற்றர்

பழைய கார் நிற்கிற வீடுகளில் ரிப்பெயர் வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கும். பிரேக் என்றால் அன்றைக்கே கராஜ். ரேடியேற்றர் ஒழுகினால் அந்தக் கிழமைக்குள். பற்றறி, ரயர் எல்லாம் மாதக் கடைசி வரைக்கும் இழுபடும். ஸ்பீடோமீற்றர் மட்டும் எப்பவும் கடைசி. முள் அசையாவிட்டாலும் கார் ஓடும்தானே. "உதைப் பாத்தே நான் ஓடுறன்?" என்று அப்பாவும் கேட்பார். அப்படியே எங்கட காரின் மீற்றர் 2021இலிருந்து மூன்று வருசமாக ஒரே இலக்கத்தில் நின்றது: 61,408.

அந்த இலக்கத்தை நம்பி ஒன்றும் சொல்ல ஏலாது. கார் 1980களின் நடுவில் ஜப்பானில் செய்தது. மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். எத்தனை தரம் அப்படிச் சுற்றி வந்தது என்று எங்களுக்கு விற்றவருக்கே தெரியாது.

இப்படியான கார்களை நாங்கள் வைத்திருப்பதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபா விழுந்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360ஐத் தொட்டது. உதிரிப்பாகங்களும் டொலரோடு சேர்ந்து ஏறின. புதுசு எட்டாத இடத்துக்குப் போக, பழசின் விலையும் கூடிப்போச்சு. அதனால் எங்கட வீட்டில் "காரை மாத்துவமா?" என்ற பேச்சே இல்லை. "இந்த மாசம் எதைச் செய்யிறது, எதை விடுறது?" என்பதுதான் பேச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளே மீற்றர்தான் என்பது 2022இல் விளங்கியது. அந்த ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். நாங்கள் இருப்பது கிளிநொச்சியில். அம்மம்மாவின் கிளினிக் யாழ்ப்பாணத்தில். போய்வர 130 கிலோமீற்றருக்கு மேல். 20 லீற்றரில் அதை முடித்து, மிச்சத்தில் அந்தக் கிழமையை ஓட்டலாமா? கார் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுது என்று தெரிந்தால் ஒரு நிமிசக் கணக்கு. எங்களுக்கு அது தெரியாது. தாங்கியில் முள் எங்கே நிற்குது என்று பார்த்துப் பார்த்துத்தான் போய் வந்தோம்.

பெற்றோல் மட்டும் இல்லை. எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றச் சொல்லுவார்கள். மீற்றர் நின்றால் கலண்டரைப் பார்த்து மாற்றவேண்டியதுதான். ஓட்டம் குறைந்த வருசத்தில் நல்ல ஒயிலை ஊற்றிக் காசை வீணாக்குவோம், கூடின வருசத்தில் கறுத்த ஒயிலோடு எஞ்சினை அரைப்போம். டைமிங் பெல்ற் இன்னும் மோசம். அது அறுகிறதுக்கு முதல் சத்தம் போடாது. சில எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போகும். அதை மாற்றுகிற நாளைச் சொல்ல வருசக் கணக்கு மட்டும் போதாது, ஓடின தூரமும் தெரியவேணும்.

சரி, திருத்துவம் என்று வெளிக்கிட்டால் அடுத்த பிரச்சினை கராஜ். முதலில் கேட்ட இடத்தில் "மீற்றர் போர்ட்டை முழுசா மாத்தவேணும், கொழும்பிலயிருந்து பழசு ஒண்டு எடுப்பிக்கலாம்" என்று 25,000 ரூபா சொன்னார்கள். பக்கத்து வளவு மாமா முந்தி டிப்போவில் வேலை செய்தவர். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல எது செத்ததெண்டு பாப்பம்" என்றார்.

அவர் காட்டித் தந்தது கேபிளில் ஓடுகிற மீற்றர் உள்ள பெரும்பாலான பழைய கார்களுக்கும் பொருந்தும். கியர்பொக்ஸில் ஒரு சின்னப் பற்சில்லு இருக்கும். கனக்கக் கார்களில் அது பிளாஸ்ரிக். அது ஒரு கேபிளின் உள்கம்பியைச் சுற்றும். கம்பி மற்ற முனையில், மீற்றருக்குள் இருக்கிற காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு அதுவும் கூடத் திரும்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சமப்படுகிற இடத்தில் முள் நிற்கும். கிலோமீற்றர் இலக்கங்களைச் சுற்றுவது அதே கம்பியில் ஓடுகிற வேறு பற்சில்லுகள்.

இது தெரிந்தால் நோயைப் பிடிப்பது லேசு. முள் ஓடி இலக்கம் நின்றால் உள்ளே இலக்கத்தின் பற்சில்லு போய்விட்டது. இலக்கம் ஓடி முள் நின்றால் கிண்ணத்தின் பக்கம் பழுது. முள் துடித்தால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கேயோ நெளிந்திருக்கும். இரண்டும் நின்றால் கேபிளை மீற்றர் பக்கம் கழற்றி, கியரை நியூட்ரலில் விட்டு, காரை நாலைந்து மீற்றர் தள்ளிப் பார்க்கவேணும். உள்கம்பி சுற்றினால் பிழை மீற்றரில். சுற்றாவிட்டால் கேபிளிலோ கியர்பொக்ஸ் பற்சில்லிலோ.

எங்கட காரில் சுற்றவில்லை. இழுத்துப் பார்த்தால் கம்பி வளைவுக்குக் கிட்ட அறுந்து இரண்டாக வந்தது. புதுக் கேபிள் 4,200 ரூபா. கூலி என்று மாமா ஒரு தேத்தண்ணிதான் குடித்தார். கம்பிக்கு மெல்லிசாகக் கிறீஸ் பூசினார். மீற்றருக்குப் போகிற முனையில் மட்டும் பூசவில்லை. பூசினால் அது ஏறிப்போய் மீற்றருக்குள் ஒட்டுமாம். பிறகு ஏ9இல் கிலோமீற்றர் கற்களுக்கு நடுவில் 60இல் பிடித்து நேரம் பார்த்தோம். சரியான 60 என்றால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 60 செக்கன். எங்களுக்கு 58தான் வந்தது. காரணம் ரயர். 155/80/13 போடவேண்டிய சில்லுக்கு முன்னைய சொந்தக்காரர் 165/80/13 போட்டிருந்தார். சுற்றளவு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று கூட. மீற்றர் 70 காட்டும்போது நாங்கள் 72இல் போகிறோம்.

மீற்றர் ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் கார் தரகர் ஒருவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. போகும்போது அப்பாவிடம் மெதுவாக, "அண்ணை, வேற மீற்றர் ஒண்டு போட்டு முப்பதுக்குள்ள காட்டுங்கோ. லட்சம் கூடக் கேக்கலாம்" என்றார். வீட்டில் அப்போது ஒரு லட்சம் சின்னக் காசு இல்லை. அண்ணாவின் கம்பஸ் செலவு தலைக்கு மேல் நின்றது. "எல்லாரும் செய்யிறதுதானே" என்று அம்மாவும் ஒருக்கால் சொல்லிப் பார்த்தா.

அப்பா சொன்னது ஒரு வரி. "முப்பது எண்டு பாத்தா வாங்கிறவன் பெல்ற்றை மாத்தமாட்டான்."

நேர்மை, நியாயம் என்று அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மீற்றரைச் சுற்றிவிடுவது ஏன் விலையில் செய்கிற சின்னக் கள்ளம் மட்டும் இல்லை என்பது எனக்கு அதில் விளங்கியது. அந்தப் பொய்யை நம்பி இன்னொரு குடும்பம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9இல் போகும். கார் விற்கப்படவில்லை.

அதற்குப் பிறகு காருக்குள் ஒரு சிஆர் கொப்பி கிடக்கிறது. முதல் பக்கத்தில் கேபிள் மாற்றின திகதியும் 61,408 என்ற இலக்கமும், "இதுக்கு முந்தினது தெரியாது" என்று அப்பாவின் எழுத்தும். ஒவ்வொரு பெற்றோலுக்கும் ஒவ்வொரு ரிப்பெயருக்கும் திகதி, கிலோமீற்றர், காசு. கார் வாங்குகிறவர்கள் டாஷ்போர்டைப் பார்க்க முதல் இப்படி ஒரு கொப்பியையோ பில் கட்டையோ கேட்டுப் பாருங்கள்.

முதல் வருசக் கணக்கு: ஓடினது 6,200 கிலோமீற்றர், ரிப்பெயர் 148,800 ரூபா. கிலோமீற்றருக்கு 24 ரூபா. லீற்றருக்கு 12 ஓடுது. அப்போது பெற்றோல் சுமார் 300 ரூபா என்பதால் அது இன்னொரு 25. இன்சூரன்ஸ், லைசன்ஸ் தனி. கிளினிக்குக்கு ஹயர் பிடிப்பதை விட இன்னும் மலிவு. ரிப்பெயர் மட்டும் கிலோமீற்றருக்கு 50ஐத் தாண்டினால் விற்பது என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம், கொப்பியையும் சேர்த்து.