பழுது காதிலா... கதவிலா? - திருக்கடையூர் டாக்ஸியில் ஒரு தேடல்

"தம்பி, கொஞ்சம் சத்தமா வையேன்டா..."

பின் சீட்டிலிருந்து அம்மா இப்படிக் கேட்கும்போதெல்லாம் அந்த டாக்ஸி ஓட்டுநருக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. நாளாக நாளாக அது எரிச்சலாக மாறியது. "இதுக்கு மேல வெச்சா ரோட்டுல போறவங்க திரும்பிப் பாப்பாங்கம்மா. ஒனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு" என்று ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டார். அம்மா பதில் பேசவில்லை. அதன்பிறகு சத்தத்தைக் கூட்டச் சொல்லவும் இல்லை.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலை நம்பி ஓடும் கார்களில் அவருடையதும் ஒன்று. எமனிடமிருந்து மார்க்கண்டேயரைச் சிவன் காத்த தலம் என்பதால், 60 வயதில் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம் என்று மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள் வந்து நிற்கும் ஊர் இது. மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டதும், 'அபிராமி அந்தாதி'யைப் போட்டுவிடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில் கேட்டுக்கொண்டே வந்தால், பெரியவர்களுக்குப் பயணக் களைப்பே தெரியாது.

அந்தாதியின் 100 பாடல்களும் அவருடைய அம்மாவுக்கு மனப்பாடம். ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்துதான் அடுத்த பாட்டு பிறக்கும் என்பதால், கார் செட் தொடங்குவதற்கு முன்பே அம்மா அடுத்த பாட்டை எடுத்துவிடுவார். கொஞ்ச நாளாக அந்த முணுமுணுப்பும் நின்றுபோயிருந்தது. '68 வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று மகன் தானாகவே முடிவு செய்துகொண்டார்.

"அங்கிள், இந்தப் பக்கம் பாட்டே வரல!"

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு வந்த ஒரு சிறுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். பின் சீட்டில் இடது பக்கக் கதவோரம் உட்கார்ந்திருந்தவள், கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தப் பக்கம் பாட்டே வரல" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அம்மா வழக்கமாக உட்காரும் இடம்!

சவாரியை முடித்ததும் ஓரமாக நிறுத்தி, செட்டில் சத்தத்தை முழுக்கப் பின்பக்கத்துக்கும், பிறகு முழுக்க இடது பக்கத்துக்கும் திருப்பினார். கார் மௌனமாகிவிட்டது. மற்ற மூன்று கதவுகளும் நன்றாகப் பேசின. ஓட்டுநர் சீட்டில் இருப்பவருக்கு நான்கில் ஒன்று ஊமையானது தெரியவே இல்லை.

முதலில் போன கடையில் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்பீக்கர் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் மாத்துனா செட் ஆகாது, ஜோடியா மாத்திடுங்க" என்றார்கள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் தேடிப் போனார்.

"நாலும் பேசலைன்னா ஃபியூஸைப் பாக்கணும், செட்டைப் பாக்கணும். ஒண்ணு மட்டும் பேசலைன்னா, அதோட பாதையைப் பாக்கணும். பொருள் மேல பழி போடறது கடைசி வேலை தம்பி" என்றபடியே பெரியவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார்.

ஸ்பீக்கரின் பிளக்கைப் பிரித்துவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து, அதன் முனைகளில் ஒரு நொடி தொட்டார். 'டப்' என்று சத்தம் வந்தது. "பாத்தீங்களா, உசுரோட இருக்கு!" மல்டிமீட்டரை வைத்தார், 3.6 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், மீட்டரில் 4-க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அடுத்து, அந்தக் கதவுக்குச் சத்தம் அனுப்பும் வயரைச் செட்டின் பின்னால் தேடிப்பிடித்து, அங்கேயே வேறொரு ஸ்பீக்கரை மாட்டினார். பாட்டு வந்தது.

செட்டும் சரி, ஸ்பீக்கரும் சரி. அப்படியென்றால், பழுது நடுவில்.

கதவுக்கும் காரின் உடம்புக்கும் இடையே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். கதவுக்கான வயர்கள் அதற்குள்தான் ஓடும். இரண்டு முனைகளிலும் பிளக்கைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் 'பீப்' சத்தம் கேட்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வயர் 'பீப்' என்றது. இன்னொன்று கதவை ஆட்டினால் பேசியது, ஆட்டுவதை நிறுத்தினால் அடங்கியது. ரப்பரை விலக்கினால், வயரின் மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது.

"இந்தக் கதவு மட்டும் ஏண்ணே?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைத் திறக்கறீங்க? நம்ம ஊர்ல இடது பக்கம்தானே ஓரம் கட்டுறோம். தாத்தா பாட்டி எல்லாரையும் இந்தப் பக்கம்தானே ஏத்தி இறக்குறீங்க? மடங்கி மடங்கி வயர் ஓஞ்சுபோச்சு. போதாததுக்குத் தரங்கம்பாடி கடல் பக்கத்துலேயே இருக்கு, உப்புக்காத்து விடுமா?"

அறுந்த இடத்தில் முறுக்கி டேப் ஒட்டிவிடவில்லை அவர். வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். மடங்குகிற இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் அந்த இடம் விறைத்து, மறுபடி ஒடியும். அதனால் மடிப்பைத் தாண்டி இரண்டு பக்கமும் புது வயர் இழுத்து, அசையாத இடங்களில் இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டார். பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொண்டார். மாறினால் பாட்டு வரும், ஆனால் கனம் குறைந்துவிடும்.

"ஒண்ணு சொல்றேன். வயர் அறுந்துபோச்சுன்னு ஸ்பீக்கரோட ஒரு முனையை கார் பாடியில எர்த் பண்ணிடாதீங்க. பல செட்டுல ரெண்டு வயர்லயும் கரன்ட் இருக்கும். செட்டே எரிஞ்சுடும்" என்று எச்சரித்தவர், கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளை மறக்காமல் ஒட்டிய பிறகே பலகையை மூடினார். அந்தத் தாள் இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இன்னொரு பாதை

மறுநாள் அம்மா வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்தார். "என்னடா, இன்னிக்கு நல்லா கேக்குதே... சத்தம் கூட்டிட்டியா?"

அவர் கூட்டவில்லை. "ஸ்பீக்கர் ரிப்பேரும்மா" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் வீட்டில் டிவி சத்தம் குறையவில்லை. வலது பக்கமிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்பவில்லை. போனை எப்போதும் இடது காதிலேயே வைத்துப் பேசுவதை அன்றைக்குத்தான் அவர் கவனித்தார். 'ஒண்ணு மட்டும் பேசலைன்னா, அதோட பாதையைப் பாக்கணும்' என்ற பெரியவரின் பேச்சு நினைவுக்கு வந்தது. அம்மாவின் வலது காது கேட்கவில்லை. நன்றாகக் கேட்கும் இடது காதுப் பக்கமோ காரில் ஸ்பீக்கர் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் அம்மாவைப் பாட்டிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தன.

மயிலாடுதுறையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார். "வயசானதால வர்ற காது மந்தம் பெரும்பாலும் ரெண்டு காதுலயும் ஒண்ணு போலத்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் கேக்கலைன்னா, வயசுன்னு விட்டுடக் கூடாது, காரணத்தைத் தேடணும்" என்றார் மருத்துவர். தேடினார். ஹேர்பின்னால் குடைந்து குடைந்து உள்ளே தள்ளப்பட்ட அழுக்கு, வலது காதில் கல்லாக இறுகி அடைத்திருந்தது. சில நாள் சொட்டு மருந்து விட்டு, அது ஊறியதும் எடுத்தார்கள். பிறகு செய்த பரிசோதனையில் இரண்டு காதிலும் ஒரே அளவில் லேசான மந்தம் தெரிந்தது. கருவி இப்போது தேவையில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே, "திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க, உடனே வந்துடுங்க" என்றும் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னிக்கு அப்படிச் சொன்னேனே... ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன் தம்பி."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். செட்டில் ஒரு பாட்டு முடிந்தது. சீர்காழியார் அடுத்ததைத் தொடங்குவதற்குள், இடது பக்கக் கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் முந்திக்கொண்டது.